பாஸ் இல்லை, குரல் காணோம், காது வலிக்குது: மூடிய ஹெட்ஃபோனைச் சரிபார்க்கும் வழி

தெரிந்தவர்கள் என்னைப் பார்க்க வரும்போது கையோடு ஹெட்ஃபோனையும் கொண்டு வந்துவிடுவார்கள். "இது சரிப்பட்டு வரலை, வேற எது வாங்கலாம் சொல்லுங்க" என்பார்கள். நான் பதில் சொல்வதற்கு முன் அதை வாங்கி, காதைச் சுற்றி உட்காரும் மெத்தையை, அதாவது பேட்டைக் கழற்றிப் பார்ப்பேன். பின்பக்கம் மூடிய, அதாவது காதுக்கு வெளிப்பக்கம் திறப்பு இல்லாத ஹெட்ஃபோனில் வரும் புகார்களில் பெரும்பாலானவை அந்தப் பேட்டிலோ, ஒயரிலோ, தலையில் மாட்டிய விதத்திலோதான் போய் முடிந்திருக்கின்றன. ஒலியை எழுப்பும் சின்ன ஸ்பீக்கரான டிரைவரே போய்விட்டது என்று நான் கைவிட்டவை மிகக் குறைவு.

புதிதாக வாங்கத்தான் வேண்டும் என்று ஆனாலும், இப்போது இருப்பதில் எது ஒத்துவரவில்லை என்று தெரிந்தால்தான் அடுத்ததைச் சரியாகப் பார்த்து எடுக்க முடியும். உங்கள் புகார் எதுவோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போங்கள். காசில்லாத சோதனை முதலில், செலவு பிடிப்பது கடைசியில் என்ற வரிசையில் எழுதியிருக்கிறேன்.

கையில் வேண்டியவை: வரிவரியாகத் தெரிந்த ஒரு பாட்டு, வேறு ஏதாவது ஒரு ஹெட்ஃபோன், வேறு ஒரு ஃபோன் அல்லது கம்ப்யூட்டர், ஒரு டார்ச். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். ஒயரையும் ஃபோனையும் சேர்த்து மாற்றிவிட்டால், குறை எதில் இருந்தது என்று கண்டுபிடிக்க முடியாது.

## "பாஸே இல்லை, பாட்டு மெலிஞ்சு கேட்குது"

அதிகம் வரும் புகார் இதுதான். பாஸ் என்பது தாழ்ந்த, கனமான ஒலி. பாட்டை ஓடவிட்டு, காதை மூடும் இரண்டு கப்பையும் உள்ளங்கையால் தலையோடு சேர்த்து மெதுவாக அழுத்துங்கள்.

### அழுத்தினால் பாஸ் திரும்பி வருகிறது

அப்படியானால் பேட்டுக்கும் தோலுக்கும் நடுவே எங்கோ காற்று கசிகிறது. மூடிய கப்பில் பாஸ் நிற்பதே அந்த அடைப்பால்தான். ஒரு பென்சில் நுழையும் இடைவெளி போதும், மிருதங்கத்தில் தொப்பியின் கும்கி காணாமல் போய், வலந்தலைச் சொற்கள் மட்டும் மிஞ்சும்.

முதலில் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேளுங்கள். கண்ணாடிக் கம்பி தடிமனாக இருந்தால் அது பேட்டைத் தூக்கிப் பிடித்துக்கொள்ளும், முன்பக்கமும் பின்பக்கமும் சின்னச் சந்து விழும். அடுத்தது முடி. காதைச் சுற்றி உள்ள முடியை ஒதுக்கிவிட்டு மாட்டுங்கள். தோடு, தொங்கட்டான் போட்டிருந்தால் அதையும் பாருங்கள்.

அப்புறம் விரல் நுனியைப் பேட்டின் விளிம்போடு ஓட்டிப் பாருங்கள். காது மடலுக்குக் கீழே, தாடை எலும்பு முடிகிற பள்ளத்தில்தான் சந்து அதிகம் விழும். ஹெட்பேண்டை இரண்டு பக்கமும் ஒரு படி நீட்டியோ குறைத்தோ மாட்டினால் பலருக்கு அங்கேயே அடைந்துவிடும். இரண்டு பக்கமும் ஒரே படியில்தான் இருக்க வேண்டும் என்று இல்லை. பலருக்குக் காதுகள் ஒரே உயரத்தில் இருப்பதில்லை.

இவ்வளவும் சரியென்றால் பேட்டைப் பாருங்கள். அதன் விளிம்பு கப்பின் பள்ளத்துக்குள் முழுச் சுற்றும் உட்கார்ந்திருக்கிறதா? நுரை தட்டையாகிவிட்டதா? கட்டை விரலால் அமுக்கி விட்டால் உடனே எழ வேண்டும், பள்ளம் அப்படியே நின்றால் அதன் காலம் முடிந்தது. ரெக்ஸின் உரிந்திருந்தாலும் அடைப்பு போய்விடும், ஏனென்றால் காற்றைத் தடுப்பது அந்த மேல்தோல்தான்.

உள்வட்டத் தையலை மறக்காமல் பாருங்கள். என் சொந்த ஹெட்ஃபோன் ஒன்றில் இடது பக்கம் மட்டும் பாஸ் மெலிந்துகொண்டே வந்தது. ஒலியைப் பெருக்கும் ஆம்பை மாற்றினேன், கேபிளை மாற்றினேன், காதையே சந்தேகப்பட்டேன். கடைசியில் பேட்டைக் கழற்றி டார்ச் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தபோது, டிரைவரைப் பார்த்த பக்கத்தில் தையல் ஒரு விரல் அகலத்துக்கு விட்டிருந்தது. வெளியிலிருந்து பார்த்தால் புதுப் பேட் போலவே இருந்தது. ஊசி நூலால் பதினைந்து நிமிட வேலை. தைத்துப் போட்டதும் இரண்டு பக்கமும் ஒன்றாயின.

பேட் மாற்றுவதென்றால் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள், உங்கள் மாடலுக்கென்று செய்ததையே வாங்குங்கள். ரெக்ஸின் பேட் இருந்த இடத்தில் வெல்வெட் போன்ற துணிப் பேட்டைப் போட்டால் பாஸ் கொஞ்சம் குறையும். பேட்டின் ஆழம் மாறினால் ட்ரெபிளும், அதாவது கூர்மையான உயர்ந்த ஒலியும் மாறும். 'மெத்தென்று இருக்கிறது' என்று கைக்குக் கிடைத்ததைப் போட்டுவிட்டு, ஹெட்ஃபோனின் குணமே மாறிப்போய்விட்டது என்று வருந்தியவர்களைப் பார்த்திருக்கிறேன். பழைய பேட்டைத் தூக்கிப் போடாதீர்கள், ஒப்பிட்டுக் கேட்க வேண்டும்.

### அழுத்தினாலும் மாற்றமில்லை

ஃபோனிலும் பாட்டு ஆப்பிலும் பாஸ், ட்ரெபிள் அளவுகளைக் கூட்டிக் குறைக்கும் ஈக்வலைசர் ஏதாவது ஓடுகிறதா பாருங்கள், அணைத்துவிட்டுக் கேளுங்கள். வேறு ஃபோனில் கேளுங்கள். ஃபோனில் செருகும் ஒயர் முனையை, அதாவது ஜாக்கைக் கழற்றி மாட்டுங்கள்.

ஹெட்ஃபோன் முன்பு ஒருமுறை ரிப்பேருக்குப் போய் வந்ததா? அப்படியென்றால் ஒரு சோதனை உண்டு. ஒருவர் மட்டும் பேசும், இரண்டு காதுக்கும் ஒரே ஒலி வரும் மோனோ ஒலிப்பதிவு ஒன்றைக் கேளுங்கள். குரல் தலைக்கு நடுவில், நெற்றிக்கு நேராக நிற்க வேண்டும். நடுவில் நிற்காமல் இரண்டு காதுக்கும் பிரிந்து ஓடினால், ஒரு டிரைவரின் இரண்டு ஒயர்களும் இடம் மாறிப் பற்றவைக்கப்பட்டிருக்கின்றன. பற்றவைத்தவரிடமே திருப்பிக் கொடுங்கள், இரண்டு புள்ளியை மாற்றி வைக்கும் வேலைதான்.

## "பாடுறவங்க குரல் மட்டும் காணோம்"

நண்பரின் மகள் ஒருநாள் கேட்டாள்: "அங்கிள், பாட்டு ஓடுது, பின்னணி இசை எல்லாம் கேட்குது, ஆனா குரல் எங்கேயோ கிணத்துக்குள்ள இருந்து வருது. கரோகி மாதிரி இருக்கு." ஃபோனை வாங்கிப் பார்த்தேன். புதுக் கவர், நல்ல தடிமன். ஜாக் முழுதாக உள்ளே போகாமல் அரிசி மணி அளவுக்கு வெளியே நின்றது. கவரைக் கழற்றி அழுத்தினேன், 'டக்' என்று உட்கார்ந்தது, குரல் வந்துவிட்டது.

குறை பெரும்பாலும் ஒன்றுதான். இரண்டு காதுக்கும் பொதுவான எர்த் இணைப்பு விட்டுப்போயிருக்கிறது. அது விட்டால் இரண்டு பக்கத்துக்கும் உள்ள வித்தியாசம் மட்டும்தான் கேட்கும். குரலை நடுவில் வைத்துத்தான் பதிவு செய்வார்கள், அதனால் அதுதான் முதலில் மறையும். பாஸும் கூடவே போகும்.

- ஜாக்கை முழுதாக அழுத்துங்கள், கவரைக் கழற்றிப் பாருங்கள்.
- ஃபோனின் துளைக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். சட்டைப்பையின் பஞ்சும் தூசியும் அடியில் சேர்ந்து ஜாக்கைத் தடுக்கும். ஃபோனை அணைத்துவிட்டு மரக்குச்சியால் மெதுவாக எடுங்கள், உலோகம் வேண்டாம்.
- ஜாக்கின் கறுப்பு வளையங்களை எண்ணுங்கள். இரண்டு இருந்தால் சாதாரண ஸ்டீரியோ, மூன்று இருந்தால் மைக்கும் சேர்ந்தது. மூன்று வளையக் கேபிள் சில பழைய ஆம்ப்களில் சரியாகப் பொருந்தாது.
- ஜாக் அருகே ஒயரை வளைத்தால் குரல் வந்து வந்து போகிறதா? உள்ளே எர்த் அறுந்திருக்கிறது. கழற்றும் கேபிள் என்றால் புதிது போடுங்கள். கழற்ற முடியாததென்றால் புது ஜாக் பற்றவைக்க வேண்டும்.

## "ஒரு பக்கம் மட்டும் கேட்கலை" அல்லது "ஒரு பக்கம் குறைவு"

முதலில் ஹெட்ஃபோனை இடம் வலம் மாற்றி மாட்டுங்கள். இந்தச் சோதனையை யாரும் தவிர்க்கக் கூடாது.

### மாற்றி மாட்டியும் அதே காதில்தான் குறைவு

ஹெட்ஃபோனில் குறை இல்லை, காதில் இருக்கிறது. பெரும்பாலும் காதுக்குரும்பி அடைத்திருக்கும். பட்ஸால் குடையாதீர்கள், அது இன்னும் உள்ளே தள்ளிவிடும். மருத்துவரிடம் போனால் நிமிடங்களில் எடுத்துவிடுவார்.

ஆனால் ஒரு காது திடீரென்று, சில மணி நேரத்தில் அல்லது தூங்கி எழுந்ததும் மங்கிப்போனால், அதை அடைப்பு என்று நினைத்துக் காத்திருக்காதீர்கள். அன்றே காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள். திடீர்க் காதுகேளாமைக்குச் சிகிச்சை சீக்கிரம் தொடங்கினால்தான் கேட்கும் திறன் திரும்ப வாய்ப்பு அதிகம்.

### குறை கப்போடு சேர்ந்து மறுகாதுக்கு மாறுகிறது

ஃபோனின் அணுகல்தன்மை (ஆக்சஸிபிலிட்டி) அமைப்பில் இடது வலது ஒலிச் சமநிலை கோடு ஒன்று இருக்கும். அது நடுவில் இருக்கிறதா பாருங்கள், கை தவறி நகர்ந்திருக்கும். அடுத்து வேறு ஃபோன். பழைய ஆம்பாக இருந்து, வால்யூமை அடியில் வைக்கும்போது மட்டும் ஒரு பக்கம் குறைந்து, கூட்டினால் சமமாகிவிட்டால், குறை வால்யூம் திருகில்தான். ஃபோனில் வால்யூமைக் குறைத்து ஆம்பில் கூட்டி வைத்தால் போதும்.

அது எதுவும் இல்லையென்றால் ஒயர். ஒயர் அறுவது பெரும்பாலும் இரண்டு இடத்தில்தான்: ஜாக்கின் கழுத்து, கப்புக்குள் நுழையும் இடம். பாட்டை ஓடவிட்டு அந்த இரண்டு இடத்தையும் அசைத்துப் பாருங்கள்.

மல்டிமீட்டர் இருந்தால் சந்தேகமே வேண்டாம். மின்தடையைக் காட்டும் ஓம் அளவில் வைத்து, இரண்டு கறுப்பு வளையம் உள்ள ஜாக்கின் நுனிக்கும் அடிப்பகுதிக்கும் ஒருமுறை அளந்தால் இடது பக்கம், நடு வளையத்துக்கும் அடிப்பகுதிக்கும் அளந்தால் வலது பக்கம். இரண்டும் ஏறக்குறைய ஒரே எண்ணாக, பெட்டியில் போட்டிருக்கும் ஓம் மதிப்புக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் ஒன்றும் காட்டாவிட்டால் அந்தப் பக்கம் அறுந்திருக்கிறது. கப்பைத் திறந்து டிரைவரின் இரண்டு புள்ளிகளிலேயே அளந்து பாருங்கள். அங்கே எண் வந்தால் ஒயர்தான் குற்றம், ரிப்பேர் சுலபம். அங்கேயும் வராவிட்டால் உள்ளே சுருள் போயிருக்கிறது. அந்த மாடலுக்கு டிரைவர் தனியாகக் கிடைத்தால் ரிப்பேர்க்காரரிடம் போங்கள், கிடைக்காவிட்டால் புதிது வாங்குவதுதான் வழி. உத்தரவாதக் காலம் மிச்சமிருந்தால் திருகாணியைத் தொடவே தொடாதீர்கள்.

எண் சரியாக இருந்தும் ஒரு பக்கம் ஒலி மட்டும் குறைவாக இருக்கிறதா? மேலே சொன்ன காற்றுக் கசிவு ஒரு பக்கம் மட்டும் இருக்கலாம். அந்தக் கப்பை மட்டும் அழுத்திப் பாருங்கள்.

## "கர்ர்ன்னு இரையுது"

அதே பாட்டை இன்னொரு ஹெட்ஃபோனில் கேளுங்கள். அதிலும் இரைந்தால் ஒலிப்பதிவே அப்படி. சில பாட்டுகளை வேண்டுமென்றே அவ்வளவு நெருக்கிப் பதிவு செய்திருப்பார்கள்.

உங்கள் ஹெட்ஃபோனில் மட்டும், அதுவும் பாஸ் வரும்போது மட்டும் இரைந்தால், நான் முதலில் தேடுவது ஒற்றை முடி. பேட்டின் துணி வழியாக உதிர்ந்த முடி உள்ளே போய் டிரைவரில் அதிரும் மெல்லிய சவ்வான டயஃப்ரத்தில் நுனி பட்டபடி நிற்கும். வண்டு குடைவது போன்ற சத்தம் அது. தாழ்ந்த சுரத்திலிருந்து உயர்ந்த சுரத்துக்குப் போகும் ஒலிக்கோப்பு ஒன்றை மெல்லிய வால்யூமில் ஓடவிட்டால், ஒரு குறிப்பிட்ட இடத்தில் மட்டும் இரைச்சல் வந்து போவது தெளிவாகத் தெரியும்.

எடுக்கும் விதம்: பேட்டைக் கழற்றுங்கள். பெரும்பாலானவற்றில் விளிம்பை விரலால் நெம்பினால் வரும், சிலவற்றில் திருகிக் கழற்ற வேண்டும். உள்ளே மெல்லிய நுரை அல்லது துணி இருக்கும், அதையும் எடுங்கள். டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால் முடி மின்னும். ஒட்டும் டேப்பைப் பல்குச்சி நுனியில் சுற்றி, முடியின் வெளி முனையைத் தொட்டு இழுங்கள். இரும்பு இடுக்கியைக் கொண்டு போகாதீர்கள். டிரைவருக்குள் இருக்கும் காந்தம் அதை வெடுக்கென்று இழுக்கும், டயஃப்ரத்தில் ஓட்டை விழுந்துவிடும். வாயால் ஊதுவதும், காற்றுக் குப்பியால் அடிப்பதும், வாக்குவம் பிடிப்பதும் அதே ஆபத்துதான். டயஃப்ரம் காகிதத்தைவிட மெல்லியது.

முடி இல்லையென்றால் கப்பின் திருகாணிகளை இறுக்கிப் பாருங்கள். உள்ளே ஒயர் கப்பில் தட்டுகிறதா பாருங்கள். அதற்கும் மேல் இரைச்சல் இருந்தால் டிரைவர் பாதிக்கப்பட்டிருக்கிறது, தொழில் தெரிந்தவர் பார்க்கட்டும்.

மாட்டும்போதும் கழற்றும்போதும் மட்டும் 'படக்' என்று சத்தம் வந்தால் கவலை வேண்டாம். கப்புக்குள் காற்று அழுந்தி டயஃப்ரம் அசைகிற சத்தம் அது. அப்படியே காதில் பதித்து அமுக்காமல், ஒரு பக்கத்திலிருந்து சாய்த்து மாட்டினால் குறையும்.

## "அரை மணியில வலிக்க ஆரம்பிச்சிடுது"

இசை எவ்வளவு நன்றாக இருந்தாலும், வலிக்கிற ஹெட்ஃபோன் அலமாரிக்குத்தான் போகும். என்னைக் கேட்டால் ஒலியைவிட இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். வலி எங்கே என்று விரலால் தொட்டுக் காட்டுங்கள், காரணம் பாதி தெரிந்துவிடும்.

### உச்சந்தலையில் ஒரு புள்ளியில்

ஹெட்பேண்டை ஒரு படி நீட்டுங்கள். நீட்டினால் எடை கொஞ்சம் பக்கவாட்டுக்கு இறங்கும். பேண்டை அரை அங்குலம் முன்னாலோ பின்னாலோ நகர்த்தி வைத்துப் பாருங்கள். தீரவில்லையென்றால் ஹெட்பேண்டுக்கு மேல் சுற்றும் மெத்தை உறை உண்டு, அது செலவு குறைந்த வழி. அடுத்தது வாங்கும்போது எடையைப் பாருங்கள். 250 கிராமுக்கும் 350 கிராமுக்கும் உள்ள வித்தியாசம் கையில் தெரியாது, இரண்டாவது மணி நேரத்தில் தலைக்குத் தெரியும். எடை கூடுதலாக இருந்தாலும், ஹெட்பேண்ட் கம்பிக்குக் கீழே தனியாகத் தொங்கும் அகலப் பட்டை வைத்தவை புள்ளியாகக் குத்தாது.

### தாடையில், காதைச் சுற்றி இறுக்கமாக

புது ஹெட்ஃபோன் என்றால் ஓரிரு வாரம் பொறுங்கள், பேட் நுரை உங்கள் தலைக்குப் படியும். பொறுத்தும் இறுக்கம் குறையவில்லையென்றால், உங்கள் தலையைவிட ஓரிரு சென்டிமீட்டர் அகலமாகப் புத்தகங்களை அடுக்கி, அதன்மேல் இரவு முழுக்க மாட்டி வையுங்கள். காலையில் போட்டுப் பாருங்கள். தேவையென்றால் இன்னொரு இரவு. உள்ளே உலோகப் பட்டை இருப்பவற்றில் இது நன்றாக வேலை செய்யும். முழுப் பிளாஸ்டிக் பேண்டில் அகலத்தைக் கூட்டாதீர்கள், சூடு காட்டவே காட்டாதீர்கள், விரிசல் விடும். அளவுக்கு மீறித் தளர்த்திவிட்டால் முதல் தலைப்புக்கு, அதாவது பாஸ் போன கதைக்குப் போய்விடுவீர்கள்.

### காது மடலின் நுனி எரிகிறது

மடல் பேட்டுக்கு அடியில் மாட்டியிருக்கிறது, அல்லது உள்ளே டிரைவர் மூடியில் உரசுகிறது. ஒரு அளவுகோலால் உங்கள் காதின் உயரத்தை அளங்கள். பெரியவர்களுக்குப் பொதுவாக 6 சென்டிமீட்டருக்கு அக்கம்பக்கம் இருக்கும். பேட்டின் உள்துளையையும் அளங்கள். துளை காதைவிடச் சிறிதென்றால் எந்தச் சரிசெய்தலும் உதவாது, பெரிய துளை உள்ளதுதான் தீர்வு. துளை போதும், ஆழம்தான் போதவில்லை என்றால் பேட்டின் விளிம்புக்குக் கீழே மெல்லிய நுரை வளையம் ஒன்றை வைத்துப் பாருங்கள். பேட் எழும்பும், மடல் உரசாது. ஒலி கொஞ்சம் மாறும், கேட்டு முடிவு செய்யுங்கள்.

### கண்ணாடிக் கம்பிக்கு மேல்

கம்பியை மாட்டிய பிறகு சற்று மேலே தூக்கி, மடல் மேல் படாமல் பேட்டுக்கு மேலாக நிற்கும்படி வைத்துப் பாருங்கள். மெல்லிய கம்பியும் மென்மையான ஆழமான பேட்டும் சேர்ந்தால் பிரச்சினை தீரும்.

வெளிச்சத்தத்தை மின்னணு முறையில் அடக்கும் நாய்ஸ் கேன்சலிங் உள்ளதில் வலிக்குப் பதிலாகக் காது அடைத்தது போல, மலை ஏறும்போது வருவது போல இருந்தால், அந்த வசதியை அணைத்துக் கேளுங்கள். அணைத்ததும் போய்விட்டால் அது உங்களுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. வீட்டில் கேட்பதற்கு அது கட்டாயமும் இல்லை.

## "வேர்த்துக் கொட்டுது"

மூடிய ஹெட்ஃபோனில் இதை முழுதாக ஒழிக்க முடியாது. துணிப் பேட் அல்லது பேட்டுக்கு மேல் போடும் மெல்லிய துணி உறை உதவும், பாஸில் கொஞ்சம் இழப்பீர்கள். ஒவ்வொரு முறையும் கழற்றியதும் பேட்டை உலர்ந்த துணியால் துடையுங்கள், ரெக்ஸின் சீக்கிரம் உரியாமல் இருக்க அது உதவும்.

## "குடத்துக்குள்ள கேட்கிற மாதிரி" அல்லது "ஸ், ச எல்லாம் குத்துது"

இரண்டுமே ஈக்வலைசரால் பெருமளவு சரியாகும், அதனால் காசு செலவழிக்கும் முன் அங்கே போங்கள். விண்டோஸில் ஈக்வலைசர் ஏபிஓ, ஆண்ட்ராய்டில் வேவ்லெட் போன்றவை இருக்கின்றன.

குடம் போல முழங்கினால் 200 ஹெர்ட்ஸை ஒட்டி 2 அல்லது 3 டெசிபெல் குறையுங்கள். ஸகரம் குத்தினால் 6 முதல் 9 கிலோஹெர்ட்ஸுக்குள் எங்கே குத்துகிறது என்று தேடி, அங்கே மட்டும் 3 டெசிபெல் குறையுங்கள். எதையாவது கூட்ட வேண்டியிருந்தால் மொத்த வால்யூமை அதே அளவு முன்கூட்டியே இறக்குங்கள், இல்லையென்றால் சத்தம் உச்சத்துக்குப் போகும் இடத்தில் ஒலி உடையும். மாற்றியபின் ஒருநாள் விட்டு மறுபடி கேளுங்கள். காது பழகிவிடும் என்பதால் உடனே எடுக்கும் முடிவு நிற்பதில்லை.

5 டெசிபெலுக்கு மேல் வெட்டியும் திருப்தி இல்லையென்றால் அந்த ஹெட்ஃபோன் உங்கள் ரசனைக்கானது இல்லை. அதில் பிழை ஒன்றும் இல்லை, குடம் போல முழங்காத அல்லது ட்ரெபிள் குத்தாத வேறொன்றைப் பாருங்கள்.

## "ஃபுல்லா வச்சும் சத்தம் பத்தலை"

ஃபோனின் ஒலி வரம்பு அமைப்பு போட்டிருக்கிறதா என்று பாருங்கள். அடுத்து பெட்டியில் ஓம் மதிப்பைப் பாருங்கள். ஒரே மாடலே வெவ்வேறு ஓமில் வருவதுண்டு. பையர்டைனமிக் டிடி 770 ப்ரோ 32, 80, 250 ஓம் என்று மூன்று வகையில் விற்கப்பட்டது. ஒரு மில்லிவாட் சக்தியைத் தர 32 ஓமுக்கு 0.18 வோல்ட் போதும், 250 ஓமுக்கு 0.5 வோல்ட் வேண்டும். ஃபோனிலேயே கேட்பவர் 250 ஓமை வாங்கிவிட்டால் அதற்கென்று ஒரு ஆம்ப் தேவைப்படலாம். ஆம்ப் வாங்குவதாக இல்லையென்றால் குறைந்த ஓம் வகையையே எடுங்கள்.

வெளிச்சத்தம் உள்ளே வருவதால் வால்யூமைக் கூட்டுகிறீர்களா? மூடிய கப் பேச்சையும் பாத்திரச் சத்தத்தையும் நன்றாகத் தடுக்கும், மின்விசிறியின் தாழ்ந்த 'ஊம்' அவ்வளவாக அடங்காது. விசிறியை விட்டுத் தள்ளி உட்காருவது வால்யூமைக் கூட்டுவதைவிட நல்லது.

ப்ளூடூத்தில் கேட்டுக்கொண்டிருக்கும்போது திடீரென்று பழைய டெலிஃபோன் போல ஒலி மட்டமாகிவிட்டால், ஏதோ ஒரு ஆப் மைக்கைத் திறந்திருக்கிறது. அந்த ஆப்பை மூடுங்கள்.

## "கழற்றின பிறகும் காதில் ஒய்ங்ன்னு இருக்கு"

இதற்கு ஹெட்ஃபோனை மாற்றுவது தீர்வு இல்லை. அன்றைக்குக் கேட்பதை நிறுத்துங்கள். உலகச் சுகாதார அமைப்பு பெரியவர்களுக்குச் சொல்லும் அளவு வாரத்துக்கு 80 டெசிபெலில் 40 மணி நேரம். 3 டெசிபெல் கூடும்போதெல்லாம் நேரம் பாதியாகக் குறையும்: 83 டெசிபெல் என்றால் 20 மணி, 86 என்றால் 10 மணி. ஒரு நாளில் ரீங்காரம் அடங்கவில்லையென்றால், அல்லது ஒரு காதில் மட்டும் வந்தால், மருத்துவரிடம் போங்கள்.

## புதிது வாங்குவதென்றே முடிவானால்

மேலே எந்தத் தலைப்பில் நின்றீர்களோ அதைக் காகிதத்தில் எழுதிக்கொள்ளுங்கள்: காதின் உயரம், கண்ணாடி உண்டா, எங்கே வலித்தது, எதில் மாட்டிக் கேட்பீர்கள். பேட் தனியாகக் கிடைக்கிறதா, கேபிள் கழற்றக்கூடியதா என்ற இரண்டையும் நான் கண்டிப்பாகப் பார்ப்பேன், முதலில் தேய்வது அந்த இரண்டும்தான். சில கேபிள்கள் திருகிப் பூட்டும் தனி வகையில் இருக்கும், மாற்றுக் கேபிள் எளிதில் கிடைக்குமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

போட்டுப் பார்க்க வாய்ப்புக் கிடைத்தால், கண்ணாடியோடு மாட்டி, முதலில் பாட்டே போடாமல் அரை மணி நேரம் வைத்திருங்கள். வலி எங்கே தொடங்குகிறது என்று கவனியுங்கள். பிறகு உங்களுக்கு வரிவரியாகத் தெரிந்த அந்தப் பாட்டைப் போட்டு, கப்பை ஒருமுறை உள்ளங்கையால் அழுத்துங்கள். அழுத்தியதும் பாஸ் கூடினால் அந்த ஹெட்ஃபோன் உங்கள் தலைக்கு அடைக்கவில்லை, அடுத்ததை எடுத்து மாட்டுங்கள்.